அரசாணை வந்த பிறகு

அரசாணை வந்த அன்று எங்கள் சங்க அறையில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். மிராசுதார் நிலத்தில் தலைமுறையாகக் குடிசை போட்டு வாழும் விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையைச் சொந்தமாக்க வேண்டும் என்று மனு மேல் மனுவாகக் கொடுத்துவந்த சங்கம் அது. நன்னிலத்தில் ஒரு சின்ன மாடியறைதான் அலுவலகம். நான் அதிராம்பட்டினத்துத் துணிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. படிப்பு முடிந்ததும் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்களில் எல்லோருக்கும் நான் பாய்.

ஆணை கேட்டு மெட்ராஸுக்குப் போன குழுவில் ஒரு அக்கா இருந்தார். நன்னிலம் பக்கத்து ஊரில் நடவு, களை, அறுப்பு என்று வயலிலேயே வாழ்ந்தவர். அமைச்சர் அறையில் நாங்களெல்லாம் தயங்கி நின்றபோது அவர்தான் பேசினார்.

"எங்க மாமனார் செத்தப்ப பொணத்தக் கொண்டுபோற வழிக்கே அவுங்ககிட்ட உத்தரவு கேட்டு நின்னோமுங்க. படுக்கிற எடமாச்சும் எங்களுதுன்னு எழுதிக் குடுங்க."

அமைச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். சில மாதங்களில் ஆணை வந்தது. சர்வேயர் பார்வையிடும் நாளில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கே பட்டா என்று அதில் இருந்தது. அந்த வரியை நாங்கள் வெற்றியாகப் படித்தோம். மிராசுதார் வீட்டில் வேறு மாதிரி படித்திருக்கிறார்கள்.

சம்பா முற்றி அறுப்புக்கு நின்ற சமயம், மிராசுதாரின் காரியஸ்தர் அக்காவின் தெருவுக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. குடிசையைப் பிரித்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போகிறவர்களுக்கு அறுப்பு உண்டு, போகாதவர்களுக்கு இல்லை, வெளியூர் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சர்வேயர் வருவதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன.

சேதி கேட்டதும் தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். தாசில்தார் ஏதோ விழாவுக்குப் போயிருந்தார். சர்வேயர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னைக்கே வந்து பாத்துடுங்க. நாளைக்கு அங்க குடிசை இருக்காது."

"எனக்குத் தேதி போட்டுக் குடுத்திருக்காங்க தம்பி. நானா மாத்த முடியாது."

"உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"விழுந்தாலும் தேதி அதுதான்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் ஒரு டீ சொன்னார். நான் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதித் தெரு தரையாகிக் கிடந்தது. அக்கா தன் வீட்டு மூங்கிலைத் தானே உருவிக்கொண்டிருந்தார். அவர் கணவர் கீற்றைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மூங்கிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்க்கா. கொஞ்ச நாள் பொறுங்க. பட்டா வந்துடும்."

"அறுப்பு போயிட்டா வருசம் பூரா என்னத்தத் திங்கிறது? மனையவா திங்க முடியும்? விடுங்க பாய்."

விட்டுவிட்டேன். பிறகு அந்த மூங்கிலை வாய்க்கால் கரைக்குச் சுமந்துபோனதும் நான்தான்.

குறித்த தேதியில் சர்வேயர் வந்தார். வெறும் மண்ணைப் பார்த்தார். குடியிருப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார்.

சங்கத்துக்கு ஆதரவு தந்துவந்த மெட்ராஸ் தொண்டு நிறுவனம், கோடையில் எங்கள் வேலையை மதிப்பிட ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியையை அனுப்பியது. எங்கள் அறிக்கையில் 'அரசாணை பெறப்பட்டது' என்பது முதல் சாதனையாக இருந்தது. அவர் அதில் விரல் வைத்து, "இது உங்களால வந்ததா, இல்ல எலக்‌ஷன்ல சொன்னதைச் செஞ்சாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "சரி. வந்ததால என்ன நடந்துச்சு? அதையாவது காட்டுங்க."

வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். குனிந்தால்தான் நுழையலாம் என்ற உயரத்தில் குடிசைகள். அக்கா கோரைப்பாயை உதறிப் போட்டு அவரை உட்காரவைத்தார். பேராசிரியை சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"இவங்க செஞ்ச வேலையால உங்களுக்கு நல்லது நடந்துச்சாம்மா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். என்னைக் காப்பாற்ற ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லாமல் போய்விடுவாரோ என்றும் பயமாக இருந்தது.

"எங்க வீடு இருந்த எடத்துல அடுப்புக் குழி இருக்குங்கம்மா. எங்க மாமியா காலத்துலேருந்து அதுலதான் சோறு பொங்குனோம். அதப் பாத்து எழுத மாட்டாங்களா?"

மூவரும் போனோம். அந்த இடத்தையும் சேர்த்து உழுது உளுந்து விதைத்திருந்தார்கள். செடி நன்றாகவே வந்திருந்தது. அக்கா வரப்பிலிருந்து இறங்கி, செடிகளுக்கு நடுவில் இங்கேதான், இல்லை, அங்கே என்று காலால் மண்ணைக் கிளறித் தேடினார். நாங்கள் போதும் என்று சொல்லியும் நிறுத்தவில்லை. தூரத்தில் காரியஸ்தர் நின்று பார்ப்பதைக் கண்டதும் தானாகவே மேலே ஏறிவந்தார். மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற கவலை அவர் முகத்தில் வந்துவிட்டது.

பேராசிரியை உண்மையை எழுதினார். ஆணை வந்தது, ஆணைக்கு முன்பு வீடு இருந்தவர்களுக்கு இப்போது வீடு இல்லை, ஆணைக்கு முந்தைய ஒரு நாளைக் கணக்கில் எடுக்கும்படி திருத்தம் கேட்க வேண்டும் என்று. நாங்கள் திருத்தம் கேட்டு மனு எழுதினோம். அதற்குள் ஆட்சி மாறியது. புதிய அமைச்சரின் உதவியாளர், பழைய கோப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியது. தண்ணீர் வடிந்ததும், கரையில் திரும்பக் குடிசை போடக் கூடாது, அது ஆக்கிரமிப்பு என்று பொதுப்பணித் துறை நோட்டீஸ் ஒட்டியது. நோட்டீஸை நிறுத்தச் சொல்லித் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

தெரு கலைந்தது. அக்காவும் கணவரும் செங்கல் சூளை வேலைக்கு வடக்கே போவதாக முடிவு செய்தார்கள். மயிலாடுதுறை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். ரயில் வந்ததும் அக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டார். ஏறும்போது, "மெட்ராஸ்ல திரும்பப் பேசக் கூப்பிட்டா சொல்லியனுப்புங்க பாய், வர்றேன்" என்றார். எந்த முகவரிக்கு என்று நான் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.