அக்காவுக்கு ஒரு எஸ்.எஸ்.டி.

என் அக்கா சித்தூர் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஒரு டைப்பிங் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், உயில் எல்லாம் தெலுங்கில் அடிப்பாள். தமிழும் அதே வேகம்தான். கையால் எழுதும் பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான், என் மனைவி, அக்கா என்று மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

நாக்கின் ஓரத்தில் புண் என்றுதான் ஆரம்பித்தது. பல் குத்துகிறது என்று சொல்லிச் சொல்லியே ஐந்தாறு மாதம் ஓட்டிவிட்டாள். திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது புற்றுநோய் என்றார்கள். நாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். உயிரோடு வீடு திரும்பினாள், பேச்சு திரும்பவில்லை. ஏதோ சத்தம் மட்டும் வரும். அதைத் தானே கேட்கச் சகிக்காமல் சத்தம் போடுவதையும் நிறுத்திவிட்டாள்.

கழுத்தில் அறுத்ததில் வலது தோளும் தளர்ந்துபோயிருந்தது. போனைத் தூக்கிப் பிடித்து ஒற்றை விரலால் தட்டுவதற்குள் அழுகை வந்துவிடும். காகிதம் கொடுத்தால் ஒரு வார்த்தைக்கு மேல் எழுதமாட்டாள். தண்ணி. வலி. ஃபேன். ஆனால் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டால் பழைய அக்கா வந்துவிடுவாள். நோட்பேடில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நாங்கள் பேசுவதைவிட வேகமாக அடிப்பாள். "எனக்கு டியூப்ல கஞ்சிய ஊத்திட்டு நீங்க ரெண்டு பேரும் மீன் கொழம்பு துன்றீங்க, நல்லா இருங்க" என்று அடித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்திருக்கிறாள்.

கம்ப்யூட்டர்தான் பிரச்சினை. டைப்பிங் கடையில் புதிது வாங்கியபோது கழித்துப் போட்டதை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஆன் செய்தால் எட்டு நிமிடம் ஆகும். பாதி வாக்கியத்தில் அப்படியே நின்றுவிடும். ஒருமுறை பெரியம்மா மகள் பார்க்க வந்திருந்தாள். திரை திறப்பதற்குள் காபி குடித்து முடித்து, "உடம்ப பாத்துக்கோ" என்று எழுந்துவிட்டாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இருக்கும்போதுதான் அக்கா அடித்த முதல் வார்த்தை திரையில் வந்தது.

தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"ஹார்ட் டிஸ்க்கு போய்க்கினு இருக்குது சார். அத எடுத்துட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டா போதும், புது சிஸ்டம் மாதிரி ஓடும்" என்றார். "போர்டு பழசு. குச்சி மாதிரி வருதே, அது இதுல சேராது. சப்பையா வர்றத வாங்குங்க. எரநூத்தி நாப்பது ஜி.பி. தாராளம். பேர் தெரியாத கம்பெனி மட்டும் வேணாம்."

அதே வாரம் திருப்பதியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனோம். அக்காவை ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திரும்ப வந்துவிட்டது, நுரையீரலிலும் இருக்கிறது என்று தெலுங்கில் சொன்னார். ஆறு வாரம் ரேடியேஷன் கொடுத்துப் பார்க்கலாம், பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். "மீரே செப்பண்டி, மெல்லகா." நீங்களே சொல்லுங்கள், மெதுவாக.

சித்தூர் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் போனை எடுத்து எஸ்.எஸ்.டி. பார்க்க ஆரம்பித்தேன். சந்திரகிரி தாண்டுவதற்குள் நான்கு பார்த்துவிட்டேன்.

அதற்கப்புறம் வாரத்தில் ஐந்து நாள் திருப்பதிக்குப் போய் வந்தோம். ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோருக்கும் கொடுக்கிற ரேடியேஷன்தான் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருந்தேன். நான் வேலை பார்க்கும் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சீசன் முடிந்து எடைமேடை சும்மா கிடந்த மாதங்கள் அவை. அக்கா ரேடியேஷன் அறைக்குள் போனதும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறப்பேன். ஒன்றுக்கு மூன்று வருட வாரண்டி, இன்னொன்றுக்கு ஐந்து. ஒன்றில் படிக்கும் வேகம் அதிகம், எழுதும் வேகம் குறைவு. வாங்கியவர்கள் எழுதியதை ஒன்றுவிடாமல் படித்தேன். 'ஐந்து மாதத்தில் செத்துவிட்டது' என்று ஒருவர் எழுதியிருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டேன். எல்லாம் மலிவு ரகம்தான், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இருநூறு முந்நூறு ரூபாய்தான் வித்தியாசம். அது எனக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருந்தன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் அக்காவை நடத்திக்கொண்டு போனேன்.

மூன்றாவது வாரத்தில் பழைய டிஸ்க் ஒரேயடியாக நின்றுபோனது. அக்கா காகிதத்துக்குப் போனாள். கழுத்துத் தோல் கருகி, எச்சில்கூட விழுங்க முடியாமல் இருந்தாள்.

'டாக்டர்?' என்று ஒருநாள் எழுதிக் காட்டினாள்.

"நல்லா போய்க்கினு இருக்குதுன்னாருக்கா."

'ஸ்கேன்?'

"இன்னும் வரல."

ஒரு வார்த்தைக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லித் தப்பிப்பது சுலபமாக இருந்தது. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள்.

ஐந்தாவது வாரம், அடுப்படியில் என் மனைவி கேட்டாள். "ஏங்க, ஏதோ ஒண்ண வாங்கிக்கினு வாங்களேன். அதுல இன்னாத்த அப்படிப் பாக்கறீங்க?"

"அவசரப்பட்டு மட்டமானதா வாங்கினா ஆறு மாசத்துல பூடும்."

டாக்டர் சொன்னதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "ஆறு மாசம் வந்தா போதாதா?"

மறுநாள் திருப்பதியில் முதலில் தென்பட்ட கடைக்குள் நுழைந்து, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சித்தூரில் இறங்கியதும் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை காலையில் வந்து மாட்டிக்கொடுத்தார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நோட்பேடைத் திறந்தாள்.

'இத வாங்கவா இத்தினி நாளு?'

"எது நல்லதுன்னு பாத்துக்கினு இருந்தேன்கா."

'பொய்.'

அவள் விரல்கள் நிற்கவில்லை.

'அன்னிக்கி டாக்டர் உன்ன தனியா கூப்ட்டு இன்னா சொன்னாரு? ரத்தம் குட்த்துட்டு நான் வர்றப்ப நீ மூஞ்ச கழுவிக்கினு இருந்தே. அன்னியிலருந்து கேக்கணும்னு இருக்கறேன். அதான் மிஷின இழுத்தடிச்சியா?'

அந்தக் கேள்வியை நான் என்னிடம்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நுரையீரல் என்ற வார்த்தை வந்தபோது கண்களை ஒருமுறை மூடித் திறந்தாள்.

'சரி' என்று அடித்தாள். கொஞ்சம் பொறுத்து, 'இது தெரிஞ்சிருந்தா தெனம் அந்த பஸ்ல வந்திருக்கமாட்டேன்டா. கழுத்த இப்படி கருக்கிக்கினு இருக்கமாட்டேன்.'

அன்று மத்தியானமே டாக்டருக்குத் தெலுங்கில் ஒரு பக்கம் அடித்தாள். ரேடியேஷனை நிறுத்திக்கொள்கிறேன், இது என் சொந்த முடிவு, யாருடைய வற்புறுத்தலும் இல்லை, வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள் என்று இருந்தது. வாசகம் எல்லாம் பத்திர வாசகம். வெளியே பிரிண்ட் எடுத்துவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை நான் மட்டும் திருப்பதிக்குப் போனேன். டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதன்பின் இருபத்தாறு நாள் இருந்தாள். டைப்பிங் கடையில் கூட வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். அவர்களோடு அக்கா ஒரு மணி நேரம் வம்பு பேசினாள், அவர்கள் திரையைப் படித்துப் படித்துச் சிரித்தார்கள். பெரியம்மா மகளும் வந்தாள், இந்த முறை அழுதுவிட்டுப் போனாள். ஒவ்வொரு முறை மூடும்போதும் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும், அக்கா வேண்டாம் என்று அழுத்திவிடுவாள். ஏன் என்று கேட்டேன். 'பேசினத யாராவது எடுத்து வெப்பாங்களா?' என்றாள். டாக்டருக்கு அடித்த அந்த ஒரு பக்கம் மட்டும்தான் அதில் இருக்கிறது.

ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அஞ்சு வாரம்கா, என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபம் என்றும் சொல்லவில்லை.

'முதுகு நோவுது. தலகாணிய சரி பண்ணு' என்று அடித்தாள். சரி செய்தேன்.

கடைசி நான்கு நாள் கை எழவில்லை. கட்டில் பக்கத்துக்கு மேசையை நகர்த்தி, காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்து வைப்போம். வெள்ளைத் திரையில் கோடு விட்டு விட்டு எரிந்துகொண்டிருக்கும். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாவது நாள் காலை என் மனைவி கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அப்படியே திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டாள்.