கூடப் பட்டினி கிடந்தவர்

மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய், இரண்டையும் ஒரே நாளில் வயிற்றுக்குள் விட்டுப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முன்னால் தலையாட்டியவர் என் வீட்டுக்காரர். மயக்க ஊசி ஒரு தடவை போட்டால் போதும், பட்டினியும் ஒரு தடவை கிடந்தால் போதும் என்றார் டாக்டர். பட்டினி என்ற சொல் காதில் விழுந்ததும் இவர் முகம் போன போக்கைப் பார்த்து, வைத்தியம் எனக்கா அவருக்கா என்று டாக்டருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. சாப்பாட்டு நேரம் தவறினால் ஊரை இரண்டாக்குகிற ஆள். பாகூரைத் தாண்டி எங்கள் ஊர். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. வயலில் இருந்து வரும்போதே "இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். சர்க்கரை வியாதி வந்த பிறகு அந்தச் சத்தத்துக்கு ஒரு நியாயமும் வந்துவிட்டது. மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும். தினமும் விடிந்ததும் மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைப்பேன், அவர் முழுங்குவார், அடுப்பில் இருந்து இட்லி தட்டுக்கு வரும். இது எங்கள் வீட்டில் மணி அடிக்காமல் நடக்கிற வேலை. மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

எனக்கு இந்தச் சோதனை ஏன் என்றால், சில மாதங்களாகவே நெஞ்செரிச்சல், சாப்பிட்டது செரிக்காமல் மேலே வருவது. அதோடு கழிப்பறையில் கறுப்பாகவும் சிவப்பாகவும் எதையோ பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். என் அக்காவும் இப்படித்தான் சூடு, சூடு என்று சொல்லிக்கொண்டிருந்து குடலில் வந்த நோயில் போய்ச் சேர்ந்தாள். அது நினைவுக்கு வந்த ஒரு நாள் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவர் உடனே வண்டியை எடுத்தார். வில்லியனூர் சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் போய் நிறுத்தினார்.

பட்டினி எனக்குப் புதிதல்ல. கல்யாணமான நாள் முதல் வெள்ளிக்கிழமை பட்டினி, கிருத்திகை பட்டினி, ஆடியில் கேட்கவே வேண்டாம். எல்லாம் அவர் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான். அந்த நாட்களில் அவர் என் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்பார். உனக்கு சாமி, எனக்கு சோறு என்று கிண்டல் வேறு. நானும் சிரித்துக்கொண்டே ஊற்றுவேன். உண்மையைச் சொன்னால், சில வெள்ளிக்கிழமைகளில் கரண்டியோடு சேர்த்து ரசத்தை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருக்கும். கவிழ்த்ததில்லை.

சோதனைக்கு முதல் நாள் காலையில் எனக்கு இரண்டு இட்லி, அதுவும் சட்னி இல்லாமல். அதற்குமேல் தெளிவாக இருக்கிற தண்ணீர் வகை மட்டும். இளநீர் குடிக்கலாம், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் குடிக்கலாம், பால் கூடாது. சிவப்பாக எதுவும் கூடாது, உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரித் தெரியுமாம். நான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு, அவருக்காக மதியத்துக்கும் ராத்திரிக்கும் சேர்த்துச் சோறு வடித்து, கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவருக்கு உயிர் அது. குண்டானை மூடி, மூடியின் மேல் கரண்டியைக் குறுக்கே வைத்தேன். பூனை வந்தால் கரண்டி விழுந்து சத்தம் கேட்கும் என்று எப்போதும் அப்படித்தான் வைப்பேன்.

மதியம் அவர் வயலில் இருந்து வந்தார். கை கால் கழுவினார். குழம்பு வாசனை வீடெல்லாம் இருந்தது. நான் கூடத்தில் இளநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அடுப்படி வாசல் வரை போய், திரும்பி என்னைப் பார்த்து, மோட்டார் கொட்டகையில் ஏதோ வேலை என்று மறுபடியும் கிளம்பிவிட்டார். திரும்பி வந்தபோது கேட்காமலே சொன்னார்:

"டீக்கடையில பரோட்டா துன்னுட்டேன்."

பரோட்டா தின்றால் அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் ஏப்பம் வரும். அரை மணி நேரம் ஈர்க்குச்சியால் பல் குத்துவார். அன்றைக்கு ஒன்றும் இல்லை. வந்ததும் வராததுமாக ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

சாயங்காலம் மருந்துப் பவுடரைக் கரைத்துக் குடிக்க ஆரம்பித்தேன். கடல் தண்ணீரில் ஆரஞ்சு மிட்டாயைக் கரைத்தது போல ஒரு ருசி. தம்ளர் தம்ளராகக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். முதலில் ஒன்றும் ஆகவில்லை, ஏமாற்றிவிட்டார்களோ என்று நினைத்தேன். பிறகு வயிற்றுக்குள் இரைச்சல் கிளம்பியது. அதற்கப்புறம் எனக்கு வேறு வேலையே இல்லை. எங்கள் வீட்டில் கழிப்பறை தோட்டத்துப் பக்கம், அடுப்படியைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போதும் பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன். குண்டான் மேல் கரண்டி நான் வைத்தபடியே குறுக்கே கிடந்தது.

அவர் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சர்க்கரை இருக்கிற உடம்பு, போய்ச் சாப்பிடுங்க என்றால் முடிந்தது. அங்கன்வாடியில் ஊரார் பிள்ளைகளைக் காக்காவுக்கு ஒரு வாய், கன்னுக்குட்டிக்கு ஒரு வாய் என்று கெஞ்சிக் கூத்தாடி ஊட்டுகிறவள் நான். அன்று என் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

வராததற்குக் காரணம் மறதி இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்காக அவர் வயிறு காய்கிறது என்பது, அந்தக் கழிப்பறைக்கும் கூடத்துக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்த எனக்குத் தித்திப்பாக இருந்தது. கிடக்கட்டும், ஒரு நாளாவது தெரியட்டும் என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

கரியமாணிக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் வரமுடியவில்லை. என்னை விசாரித்துவிட்டு, "அப்பா சாப்ட்டாராம்மா?" என்று கேட்டாள். உம் என்றேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் உம் என்றதும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லி முடித்தோம்.

விடியும் முன்னாலேயே மிச்ச மருந்தையும் குடித்தேன். உள்ளே போவது அப்படியே வெளியே வர ஆரம்பித்தது. இனிமேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. குளித்து, புடவை மாற்றி, பையில் மாற்றுத் துணி வைத்து, அலமாரியைத் திறந்து மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கை பழக்கம். அவரும் பழக்கத்தில் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை, இட்லி இல்லை. முதல் நாள் காலை இட்லிக்குப் பிறகு அவர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மாத்திரை கொடுத்ததும் நான்தான்.

ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கும்போது எனக்கு என் கவலைதான். வழியில் மானம் போகாமல் போய்ச் சேரவேண்டும். பாதி வழியில்தான் மாத்திரை ஞாபகம் வந்து சுருக்கென்றது. என்னை உள்ளே கூப்பிட்டதும் அவர் கேண்டீனில் போய்ச் சாப்பிட்டுவிடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதையாவது வாய் திறந்து சொன்னேனா என்றால் இல்லை.

மருத்துவமனையில் பின்பக்கம் திறந்திருக்கும் ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். வளையலையும் கம்மலையும் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அட்டெண்டர் இங்கேயே இருக்கணும், எந்த நேரமும் கூப்பிடுவோம், எங்கேயும் போகக்கூடாது என்று நர்ஸ் அவரிடம் கறாராகச் சொன்னாள். அவர் சரிம்மா என்று கதவுக்கு எதிரில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வேர்வை. எனக்காகப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே தொண்டையில் எதையோ அடித்தார்கள், நாக்கு மரத்தது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பற்களுக்கு நடுவில் ஒரு வளையத்தை வைத்து, கையில் ஊசி போட்டார்கள். அதற்குமேல் தெரியாது.

கண் விழித்தபோது வயிறு காற்றால் உப்பியிருந்தது. தாராளமா காத்து விடுங்கம்மா, வெக்கப்படாதீங்க என்று நர்ஸ் சொன்னாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். பக்கத்துலதான் இருக்காரு என்று திரையைக் கொஞ்சம் விலக்கினாள். அடுத்த கட்டிலில் வெடித்த குதிகாலோடு இரண்டு பாதங்கள் தெரிந்தன. அந்தப் பாதங்களை எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். அவர் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்குச் சோதனை நடந்துகொண்டிருந்தபோது நாற்காலியில் இருந்து அப்படியே சரிந்திருக்கிறார். சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்ததால் பிழைத்தார், வரும் வழியில் ஆகியிருந்தால் ஆபத்து என்றாள் நர்ஸ். எனக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்தது அப்போதுதான். எழுந்து போகப் பார்த்தேன், படுக்க வைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு ஏன் சாப்பிடவில்லை, வீட்டில் யாரும் சொல்லவில்லையா என்று அவரைத்தான் கடிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன். மரத்த நாக்கு புரளுவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அவ துன்னு துன்னுனு சொல்லிக்கினுதான் சார் இருந்தா. நான்தான் கேக்கல."

நர்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். இந்த ஆம்பளைங்களே இப்படித்தான்மா என்றாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. காற்றுப் பிரிவதற்கு வெட்கப்படாதே என்றார்களே, அதற்கு எனக்கு வெட்கமாக இல்லை; அந்தப் பரிதாபத்தை வாங்கிக்கொண்டு படுத்திருந்ததற்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். இரைப்பையில் புண், குடலில் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி. அதை அப்போதே எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று பிறகு ரிசல்ட் வந்தது. அக்காவை நினைத்து நான் பட்ட பயமெல்லாம் அந்த ஒரு தாளோடு போய்விட்டது. மற்றது போகவில்லை.

மத்தியானம் இரண்டு பேரையும் சேர்த்தே அனுப்பினார்கள். யார் நோயாளி, யார் அட்டெண்டர் என்று ஆட்டோக்காரருக்கே குழப்பம். எனக்கு இட்லி மாதிரி மெதுவானது ஏதாவது சாப்பிடலாம் என்றார்கள். மூலக்குளத்தில் ஒரு சின்ன ஓட்டல் வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். கையில் பஞ்சு ஒட்டியபடி எதிரெதிரே உட்கார்ந்தோம். இட்லி வந்தது. அவர் சட்டைப்பையில் இருந்து என் கம்மலையும் வளையலையும் எடுத்து மேசை மேல் வைத்தார். விழும்போது அவை எங்கே சிதறிவிடுமோ என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தாராம். அதைச் சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"நீங்க துன்னலன்னு எனக்கு நேத்தே தெரியும். தெரிஞ்சேதான் கம்முனு இருந்தேன்," என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. வயலில் மடை உடைந்தால் கத்துகிற அந்தக் குரலில் எல்லார் முன்னாலும் ஒரு தடவை கத்திவிட்டால் நான் அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் கம்மலைத் தள்ளித் தள்ளி என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"நீ வெள்ளிக்கெழம தவறாம பட்டினி கெடந்தியே, ஒரு நாளாவது நான் உன்ன துன்னச் சொல்லியிருக்கனா?"

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அவர் தட்டின் மேல் கையை வைத்தபடி, தொடாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க," என்றேன்.