சஹனில் வைத்த கை

சிறுபோக விதைப்புக் காலத்து நண்பகல். வகுப்பறைக் கூரை தகித்துக்கொண்டிருந்தது, எனக்கோ குளிர்ந்தது. சோக்கட்டியை வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர், உங்கட கண் சிவந்திரிக்கி" என்றான் முன்வாங்கில் இருந்த ஜவுபர்.

வெயில் என்றேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைக்கு அருகே ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் நாளுக்கு நாள் ஒரு படி ஏறியது. கொத்தமல்லி குடித்தே ஒரு வாரத்தைக் கடத்தினேன். பிறகுதான் ஆஸ்பத்திரி. நெருப்புக் காய்ச்சல் (டைபாய்ட், உணவு, தண்ணீர் வழியாகக் கிருமி குடலுக்குள் புகுந்து வருவது) என்றார் டொக்டர்.

நாக்குத் தடித்து, காது அடைத்து, என் சொந்தக் குரலே பக்கத்துக் கட்டிலிலிருந்து வருவதுபோல் கேட்ட நாட்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. இதே காய்ச்சலில் கிடப்பவர்கள் அதை அறிவார்கள். நான் எழுத வந்தது காய்ச்சல் விட்ட பிறகு நடந்ததை.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னார்: "மாஸ்டர், காய்ச்சல் போனா கிருமியும் போயிட்டு எண்டு நினைக்காதீங்க. மலப் பரிசோதனை மூண்டு தரம் சுத்தமா வரணும். அதுவரைக்கும் வேற பீங்கான், வேற கிளாஸ். உங்கட கையால ஒருத்தருக்கும் சாப்பாடு குடுக்கப்படாது. வெளங்கிச்சா?"

"ஓம் டொக்டர்."

விளங்கியது. முதல் பரிசோதனைக்குக் கொடுத்தேன். முடிவைக் கேட்கப் போகவில்லை.

மருத்துவ விடுமுறை நீண்டது. மாணவர்களுக்கு வெறும் காய்ச்சல் என்று மட்டுமே தெரியும். மனைவி எனக்கென்று ஓர் எனாமல் பீங்கான் தட்டை ஒதுக்கி வைத்தாள். அறைக்குள் தனியே உட்கார்ந்து கஞ்சி குடிப்பேன். பிள்ளைகள் ஒன்றாய் இருந்து சாப்பிடும் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்கும். எங்கள் ஊர்களில் விருந்தென்றால் பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, ஐந்தாறு பேர் சுற்றியிருந்து அதிலேயே கைவைத்து உண்போம். அதைச் சஹன் என்போம். தனிப் பீங்கான் என்பது எனக்கு ஊரைவிட்டு விலக்கியதுபோல் இருந்தது.

பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் அப்போது எங்கள் பக்கம் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பழகிக்கொண்டு வந்தது அது. வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் டொபி கொடுப்பேன். அதற்குப் பதில்செய்யத்தான் என் பிறந்தநாளன்று மாணவர்கள் நால்வர் வந்தார்கள். ஜவுபரின் உம்மா சமைத்துக் கொடுத்த நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் துணியால் மூடிய சஹனில் இருந்தன.

"மெழுகுதிரி ஊதினா ஹராமாம் சேர். சோத்த ஊத ஏலாதே, அதான் கொண்டு வந்தம்" என்றான் ரபீக். எல்லோரும் சிரித்தோம். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன்.

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது: "இஞ்சப் பாருங்க, உங்கட பீங்கான் இஞ்ச இரிக்கி."

"என்ன சேர், எங்களோட திண்டா மார்க் கூடப் போடணும் எண்டு பயமா?" என்றான் ரபீக்.

திரைக்கு இப்பால் நீண்ட கையில் எனாமல் பீங்கான் தெரிந்தது. அதை வாங்கியிருந்தால் காரணம் சொல்லவேண்டி வந்திருக்கும். சவர்க்காரம் போட்டுக் கைகழுவிவிட்டு, சஹனைச் சுற்றி அவர்களோடு உட்கார்ந்தேன்.

சஹனில் மூத்தவர் இறைச்சியைப் பிய்த்து மற்றவர்கள் பக்கம் வைப்பார். அது அன்பு, மரியாதை. நானும் பிய்த்து வைத்தேன். ஜவுபர் வெட்கப்பட்டு ஓரத்துச் சோற்றையே அளைந்துகொண்டிருந்தான். அதனால் அவன் பக்கம்தான் அதிகம் வைத்தேன்.

நான் சுகமாகிவிட்டேன் என்று நம்பியது அன்றைக்குத்தான்.

இரண்டு வாரம் கழித்து ஜவுபருக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு வயிறு பலகைபோல் இறுகியது. குடல் துளைபட்டிருந்தது (இந்தக் காய்ச்சல் முற்றினால் குடற்சுவர் நைந்து ஓட்டை விழும்). மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஜனாஸாவாக, உயிரற்ற உடலாகத்தான் திரும்பினான்.

நான் போனபோது அவனுடைய உம்மா வாசலுக்கு வந்தார். "சேர், அண்டைக்கு நான் ஆக்கின சோத்திலதான் என்னமோ இருந்திரிக்கி. உங்களுக்கு ஒண்டும் செய்யல்லையே?"

"இல்ல ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ். நீங்களாவது தப்பிட்டீங்க."

அதற்குப் பிறகுதான் பரிசோதனைக்குப் போனேன். கிருமி இருந்தது. நான் கிருமிகாவி (தனக்கு நோயின்றிப் பிறருக்குப் பரப்பக்கூடியவர்) என்றார் டொக்டர். பல மாதங்கள் மாத்திரை எடுத்துச் சுத்தமானேன்.

ஜவுபருக்குக் கிணற்றுத் தண்ணீராலும் வந்திருக்கலாம். மற்ற மூவருக்கும் ஒன்றும் வரவில்லை. இந்த வாதத்தை ஒருமுறை மனைவியிடமும் சொன்னேன். "நான் பீங்கான நீட்டினனே" என்றாள்.

அந்தத் தாய் அதன்பின் எவர் வீட்டுக்கும் சோறு கொடுத்தனுப்பவில்லை. நோன்பு மாதத்தில் ஒழுங்கை முழுக்கக் கஞ்சியும் பலகாரமும் வீடு மாறும். அவர் வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வராது. சில வருடங்கள் கழித்து, ஒரு பெருநாள் மாலை, சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனேன்.

கடைக்கு ஆளனுப்பிச் சோடா எடுப்பித்தார். என் கண்முன்னே மூடியைத் திறந்தார். "என்ட கையால ஒண்டும் தரமாட்டன் சேர். இது கடைச் சாமான். பயப்படாமக் குடிங்க."

போத்தல் முடிவதற்குள் சொல்லிவிடலாம் என்று மெதுவாகக் குடித்தேன். முடிந்தது.

"இப்ப சுகமா இரிக்கீங்களா சேர்?"

"ஓம் ராத்தா, சுகம்."

எழுந்து வந்துவிட்டேன். அவர் மௌத்தாகிப் பல வருடமாகிறது. தன் கைதான் பிள்ளையைக் கொன்றது என்று நம்பிக்கொண்டே போனார்.

காய்ச்சல் விட்டு எழுந்து, பசியெடுத்து, மனிதர்களைத் தேடி இதைப் படித்துக்கொண்டிருப்பவரே, சுகமாகிவிட்டது என்று உங்கள் உடம்பு சொன்னால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பரிசோதனையின் முடிவைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்கவில்லையென்றால், உங்களோடு சாப்பிட வருபவரிடம் அதைச் சொல்லுங்கள்.

எனக்கு இப்போது வேறு நோய்கள். மாலையில் அஸர் தொழுகை நேரம் வந்தால், முன்பு காய்ச்சல் ஏறிய அந்த நேரத்தில், கை தானாக நெற்றிக்குப் போகிறது. நெற்றி குளிர்ந்தே இருக்கிறது. யாராவது என் வயதைக் கேட்டால் சற்று யோசித்துத்தான் சொல்கிறேன். ஜவுபர் இருந்தால் அவனுக்கு என்ன வயது என்பது யோசிக்காமலே வருகிறது.