சந்தனப் பொட்டின் குளிர்ச்சி

ஆயுத பூசையன்று எங்கள் வீட்டில் சந்தனம் படாத சாமான் இருக்காது. நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கத்திரி, டேப், என் மனைவியின் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. தொண்ணூறுகளில் ஒரு வருடம், கோயம்புத்தூரில் பொறியியல் மேற்படிப்பில் இருந்த என் மகள், புத்தகத்தோடு ஒரு பிளாஸ்டிக் பலகையையும் சரஸ்வதி படத்தின் முன் வைத்தாள்.

சாண் நீளம்தான். உருக்கிய பிளாஸ்டிக் போன்ற பிசினை அச்சில் ஊற்றும்போதே தலைமுடி போன்ற இரண்டு கண்ணாடி இழைகளை உள்ளே பதித்திருந்தாள். அவற்றுக்குள் ஒளியை விட்டால், பலகை எவ்வளவு இழுபடுகிறது, எவ்வளவு சூடாகிறது என்று தெரிந்துவிடுமாம். பிசினோடு ஒட்டிய இழையை இழுப்பும் சூடும் தொடும். சின்னக் குழாய்க்குள் தளர்வாகக் கிடந்த இன்னொன்றைச் சூடு மட்டும் தொடும். இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுவாள். லீவு முடிந்ததும் இதைச் சோதித்து மார்க் போடப் பரீட்சகர் வருகிறார். வேறு பலகை வார்க்க நேரமில்லை.

என் மனைவி வழக்கம்போல எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, பலகைக்கும் சந்தனம் வைத்துவிட்டாள்.

மகள் பதறி ஓடிவந்தாள். "அம்மா, தொடச்சுட்டீங்களா? ஓரத்துல நீட்டிட்டிருக்கற இழை துணியில மாட்டுனா உள்ளயே ஒடைஞ்சிருமுங்க!"

"ஒரு துணிக்குத் தாங்காத சாமானுக்கா கண்ணு இத்தன படிப்பு?" என்றாள் அவள். ஆனால் முகம் செத்துவிட்டது. தீபாராதனையின்போது சாமியைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்தாள்.

வெளியே உடைசல் தெரியவில்லை. லேபில் ஒளி விட்டால்தான் தெரியும். ஆனால் பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசைக்கு முன் எடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மகளும் எடுக்கவில்லை. அதிலேயே எனக்கு மனசு நிறைந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் பலகையைப் பனியன் வேஸ்ட் துணியில் பொதிந்து பெட்டியில் வைத்து, பெட்டியை நானே மடியில் வைத்துக்கொண்டு மகளோடு கோயம்புத்தூர் பஸ்ஸில் போனேன். அவிநாசியில் கோபுரத்தைக் கும்பிடக் கை ஒழியவில்லை. மனசுக்குள் கும்பிட்டேன்.

லீவிலும் மகளின் பேராசிரியர் லேபைத் திறந்து வைத்திருந்தார். ஒளி விட்டார்கள். இரண்டு இழையும் உயிரோடு இருந்தன. மகள் பலகையை விரலால் அழுத்தினாள், கருவியில் எண் ஏறியது; விட்டாள், இறங்கியது.

"சூட்டையும் பாத்துரலாம்மா" என்று பேராசிரியர் ஹீட்டரைத் தேடினார். அதற்குள் மகள் காய்ந்த சந்தனப் பொட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தாள். எண்கள் மெல்ல இறங்கின.

"இது என்ன அம்முணி?"

"சந்தனம் ஈரமானாக் குளுருமில்லீங்கப்பா? அதயும் சொல்லுதுங்க."

பேராசிரியர் சிரித்துவிட்டார். "பரீட்சைக்கும் இதையே காட்டும்மா. பொட்டை அழிச்சுராதே."

என் நெற்றியும் தினமும் அந்தக் குளிர்ச்சியை அறியும். பிளாஸ்டிக்கையும் அதை அறிய வைத்தாளே என் பிள்ளை!

நான் திரும்பியதும் வீட்டு வாசலிலேயே மனைவி மறித்தாள். "ஏனுங்க, ஒடைஞ்சிருச்சுங்களா?"

"ஒடையல. நீ வெச்ச பொட்டோட குளுரக்கூடக் கண்டுபுடிச்சுது."

அவள் உள்ளே போய் அணைந்திருந்த விளக்கை மறுபடி ஏற்றினாள். பரீட்சையன்று மகள் பொட்டோடுதான் பலகையைக் கொண்டுபோனாள். பாஸும் ஆனாள்.