பீர்மேட்டுக்குக் கொண்டுபோன சம்பங்கி

காலை ஐந்து மணிக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பிக்கப் வண்டி கிளம்பியது. பின்னால் நின்றவள் சம்பங்கி, எங்கள் அரபுப் பெண் குதிரை. எனக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவளைக் குளிப்பாட்டக்கூட என்னால் முடியவில்லை. ரேக்ளா பந்தயக்காரர்கள் கேட்டார்கள். சாட்டைக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. பீர்மேட்டில் ஓய்வுபெற்ற எஸ்டேட் சூப்பர்வைசர் சேவியர், வளர்க்க ஆசைப்பட்டு விலை பேசியிருந்தார். ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், வாடகை பன்னிரண்டாயிரம்.

உடுமலை தாண்டியதும் டிரைவர் செல்வன் சிரித்தான். "ஏனுங்ணா, புள்ளையக் கட்டிக் குடுத்தப்பக்கூட இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்கலீங்களே!"

"மாப்பிள்ளை ஊட்டைப் போய்ப் பாத்துட்டுத்தானே குடுத்தேன். இவ போற ஊட்டை இன்னும் பாக்கலையே செல்வா."

பதினொன்றரைக்குத் தேனி. தண்ணீர் காட்டினோம். இரண்டு மணிக்குக் குமுளி சோதனைச் சாவடி. அதற்கு மேல் தூறலும் வளைவுகளும்தான்.

நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாலையோர வீடு. கொட்டிலில் பலகைத் தரை போட்டு, காய்ந்த புல் பரப்பியிருந்தார் சேவியர். அவர் தன் நெற்றியைத் தடவிக்கொடுத்ததும் சம்பங்கி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பழகின தலைக்கயிறு. ரெண்டு நாளைக்கு அதோடயே கெடக்கட்டும் அண்ணாச்சி," என்றார் அவர்.

எங்கள் பக்கம் விற்ற உருப்படியோடு கயிற்றைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடும் என்பார்கள்.

"அது மட்டும் ஆகாதுங்க."

"உங்க லெட்சுமி கயித்துலயா தொங்குறா? சரி, செத்த பொறுங்க, புதுசு எடுத்தாறேன்."

நான் பொறுக்கவில்லை. சாதுதானே, நிற்பாள் என்று கழற்றிவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் செல்வன் வண்டியைத் திருப்ப, வண்டி தன்னை விட்டுவிட்டுப் போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, பின்னாலேயே ஓடினாள். ஈரச் சாலையில் வழுக்கி, முன்கால் சாலையோரக் கல் வடிகாலில் சிக்கி முறிந்தது.

மாட்டு டாக்டர் வந்து பார்த்து, இந்த முறிவு கூடாது, கருணை ஊசிதான் என்றார். ஊசி போடும்வரை அவள் தலை என் மடியில் இருந்தது. ஒரு உதை உதைக்கவில்லை.

சேவியர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. குழி வெட்ட ஆள் கூப்பிட்டார். ஜெபம் சொன்னார். கஞ்சி கொடுத்துத் தங்கவைத்தார்.

மறுநாள் மதியம், திரும்பும் வழியில் பழனி மலை தெரிந்தது. செல்வன் வண்டியை ஓரங்கட்டினான். "எறங்கிக் கும்பிடறீங்களாங்ணா?"

உட்கார்ந்தபடியே கைகூப்பினேன். அவளுக்கு நல்ல வீடாக அமைய வேண்டும் என்று மாதக்கணக்கில் கேட்டது முருகனிடம்தான். அமைத்துக் கொடுத்தார். அதன் வாசலிலேயே அவள் உயிரை நிறுத்தவும் செய்தார். இனி அவரிடம் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. போகலாம் என்றேன்.