வேகமாக ஓடிய பாட்டில்

தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். வீடு குகட்பள்ளியில். எங்கள் காலனியில் யாருக்கு உடம்பு அசந்தாலும், "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடேன், தெம்பா இருக்கும்" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். மறுத்து மறுத்து வாய் வலித்துவிட்டது.

போன மழைக்காலத்தில் திருமுல்கேரியிலிருந்து டெங்குவோடு ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, கைகால் சில்லிட்டுக் கிடந்தார். இரண்டு நாள் சலைனை அளந்து அளந்து ஏற்றினோம். மணிக்கொரு தடவை சிறுநீரை அளந்து எழுதினேன். மூன்றாம் நாள் காலை அழுத்தம் நிலைத்தது. கசிந்த நீர் இனி ரத்தத்துக்கே திரும்பும், மேலும் ஏற்றினால் நுரையீரலில் போய்த் தேங்கும் என்று டாக்டர் சொட்டின் வேகத்தை வெகுவாகக் குறைத்தார்.

அன்று பார்த்து அவருக்குச் சலைன் ஏற்றிய பம்பை வேறொரு நோயாளிக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். பம்பு இருந்தால் நாம் வைத்த வேகத்தில்தான் மருந்து ஓடும். இல்லாவிட்டால் குழாயிலுள்ள சின்னச் சக்கரத்தை உருட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ண வேண்டும். எண்ணி வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். அது பார்வையாளர் நேரம்.

அரைமணி கழித்துத் திரும்பினால், மனிதர் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். விடாத இருமல். ஏறக்குறைய முழுதாக இருந்த பாட்டில் காலி.

"யார் இதைத் தொட்டது?" என்று கத்தினேன்.

"நான்தான் சிஸ்டர்," என்றாள் அவர் மனைவி. "ரொம்ப மெதுவா ஓடிச்சு. எங்க வீட்டுப் பக்கத்து கிளினிக்ல அரைமணில ஏத்திடுவாங்க. இங்க எதுக்கு இப்படிச் சொட்டு சொட்டா?"

சக்கரத்தை மூடினேன், தலைப்பக்கம் உயர்த்தினேன், ஆக்சிஜன் முகமூடியை மாட்டி டாக்டரை அழைத்தேன். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டவர் முகம் சுளித்தார். நீரை வெளியேற்றும் ஊசி போட்டோம். சிறுநீர் பிரியப் பிரிய மூச்சிரைப்பு தணிந்தது. இரண்டு மணி நேரம் ஆயிற்று.

பிறகு அவளை வெளியே அழைத்துப் போனேன், திட்டுவதற்காகத்தான்.

"கொஞ்சம் விட்டிருந்தா உங்க வீட்டுக்காரர் போயிருப்பார், தெரியுமா?"

அவள் அழுதாள். "காலையில நல்லா ஓடிட்டிருந்ததைக் குறைச்சிட்டீங்க. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. இனிமே பிழைக்கமாட்டார்னு கைவிட்டுட்டீங்கன்னு நினைச்சேன்."

எல்லாவற்றையும் தாளில் எழுதியிருந்தோம். இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் மேல், பம்பைக் கழற்றியவர்கள் மேல், எல்லோரையும்விட என் மேல் எரிச்சல் மண்டியது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, கசிவது எப்போது, திரும்புவது எப்போது, குறைப்பது ஏன் என்று முதலிலிருந்து சொன்னேன். "ஹவ் சிஸ்டர், ஹவ்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினாள். புரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய மறுநாள் கீழேயிருந்து வார்டு நர்ஸ் போன் செய்தாள். "உங்க பேஷன்ட் சம்சாரம் டிரிப் போட விடமாட்டேங்குது! நக்கோ நக்கோ, வேணாம் வேணாம்னு ஒரே சண்டை. வந்து சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். படுக்கைக்கு முன்னால் கையை விரித்து நின்றிருந்தாள் அவள். பின்னால் அவள் புருஷன் தானே டம்ளரைப் பிடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தேன். அவர் வந்து சேர்ந்த முதல் நாளின் உத்தரவை யாரோ அப்படியே பார்த்து எழுதியிருந்தார்கள், அதே வேகத்தில்.

வார்டு டாக்டரை வரவழைத்து அந்த உத்தரவை அடித்துவிடச் சொன்னேன்.

"இதானே சிஸ்டர் நீங்க சொன்னது?" என்றாள் அவள், கையை இறக்காமலே. வார்டு நர்ஸ் என்னை முறைத்தாள்.

இரண்டு நாளில் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.