பூண்டு சாப்பிடாத மாதவன் சார்

ஒரு நல்ல மனிதரை நான் ரத்தக் காட்டேரி ஆக்கினேன்.

கதையில்தான். ஆனால் அது கதையோடு நிற்கவில்லை... கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியே அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகும்படி ஆகிவிட்டது. அதற்குக் காரணம் நான் என்று இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. முதல் ஆளாக உங்களிடம் சொல்கிறேன். திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள், அவ்வளவுதான்.

என் பெயர் புவனா. கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. கட்டி முடித்த வயர்க் கற்றைகளைச் சோதித்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது என் பொறுப்பு. மற்றபடி நான் ஓர் எழுத்தாளர். அதாவது, எழுத்தாளராக ஆகப்போகிறவள். பல வருடங்களாக ஆகப்போய்க்கொண்டே இருப்பவள்.

எழுத்தாளராக வேண்டுமென்றால் படிக்க வேண்டும் அல்லவா? நான் படித்தேன். ஆனால் எதை? நல்ல இலக்கியத்தையா? அங்கேதான் கோளாறு. எனக்குப் பிடித்தவை இரண்டே வகை. ஒன்று, எதிர்காலத்தில் உலகம் நாசமாய்ப் போவதைச் சொல்லும் நாவல்கள். மற்றொன்று, ரத்தம் குடிக்கும் காட்டேரி நாவல்கள். பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கைப்பேசியைத் திறந்தால், பஸ் கம்பெனி வாசலில் நிற்கும்வரை தலை நிமிர மாட்டேன்.

நாசமாய்ப்போன எதிர்காலத்தில் என்னென்ன நடக்கும் தெரியுமா? எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தியிருப்பார்கள். பெயருக்குப் பதில் எண். மணி அடித்தால் சாப்பிட வேண்டும், மணி அடித்தால் எழ வேண்டும். கழிப்பறைக்குப் போய் வர எவ்வளவு நேரமாகிறது என்பதைக்கூட ஓர் எந்திரம் கணக்கெடுக்கும். இதையெல்லாம் படித்துவிட்டு வெளிநாட்டு வாசகர்கள் நடுங்குகிறார்களாம். நான் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் எண் அட்டை தொங்க, முகத்தைக் காட்டினால் திறக்கும் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்று இதைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நடுக்கம் வரவில்லை. அந்த ஊரில் ஓவர்டைம் உண்டா என்ற சந்தேகம்தான் வந்தது!

காட்டேரிகளோ வேறு ரகம். மாளிகை, கறுப்பு அங்கி, சொத்து, சோம்பல்... எவனுக்கும் வேலை வெட்டி கிடையாது. வெயில் பட்டால் சாவு, பூண்டைக் கண்டால் ஓட்டம். இதில் ஒரு விதி வேறு. வீட்டுக்காரர் 'உள்ளே வாருங்கள்' என்று அழைத்தால்தான் காட்டேரி வாசல்படி தாண்ட முடியுமாம். நம் ஊர்ப் பக்கம் அவன் வந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்! கேஸ் சிலிண்டர் போட வந்தவரையே 'வாங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா' என்பவர்கள் நாம். ஒரே வாரத்தில் பொன்னேரி தாலுகா காலியாகியிருக்கும்.

இப்படி நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. காட்டேரி ஏன் பனி மூடிய மலையிலேயே இருக்க வேண்டும்? இங்கே பனி இல்லாவிட்டால் என்ன, இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை இருக்கிறதே! எதிர்காலத்தில் ஒரு கம்பெனி. அதை நடத்துகிறவன் ஒரு காட்டேரி. தொழிலாளர்களின் ரத்தத்தில்தான் எந்திரங்கள் ஓடுகின்றன... எனக்குப் பிடித்த இரண்டு வகையும் ஒரே கதையில்!

காட்டேரிக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. இங்கேதான் நான் பாவம் செய்தேன்.

எங்கள் கம்பெனியில் பணியாளர் நலனைக் கவனிக்கும் அதிகாரி மாதவன் சார். வெளிறிய முகம். வெயிலில் நிற்கக் கூடாது என்று தோல் டாக்டர் சொல்லியிருந்ததால், அவருடைய அறையிலிருந்து கேன்டீன் வரும் சிறு தூரத்துக்கும் கறுப்புக் குடை பிடித்து வருவார். அதிகம் பேச மாட்டார், தனியாகத்தான் சாப்பிடுவார். கேன்டீனில் ரசம் ஊற்ற வந்தால், "பூண்டு போட்டிருக்கா? அப்ப வேண்டாம்மா" என்பார். பூண்டு, வெங்காயம் சேர்க்காதது அவர்கள் வீட்டு வழக்கம். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வெயில் ஆகாது, பூண்டு ஆகாது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதும் ஆசை உள்ள எவளுக்காவது கை சும்மா இருக்குமா?

என் கை சும்மா இருக்கவில்லை. குடையை எழுதினேன். ரசத்தை எழுதினேன். தனியாகச் சாப்பிடுவதை எழுதினேன். சட்டைப் பையில் அவர் செருகியிருக்கும் சிவப்புப் பேனாவைக்கூட விட்டுவைக்கவில்லை. 'கருநிலா' என்ற புனைபெயரில், கதை படிக்கும் செயலி ஒன்றில் வாரம் ஓர் அத்தியாயமாகப் போட்டேன். யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்!

படித்தார்கள். எங்கள் பஸ்ஸே படித்தது.

பச்சையம்மா அக்கா எங்கள் லைனில் மூத்தவர். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருபவர். அவருடைய கணவர் ஏரியில் இறால் பிடிப்பவர். அக்காவின் குரலோ நடுக்கடல்வரை கேட்கும். யாரோ அனுப்பிய இணைப்பைத் திறந்து, ஒருநாள் காலையில் பஸ்ஸில் உரக்க வாசிக்கத் தொடங்கினார். என் வரிகள்! என் காதுக்கே! ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்... அன்று முழுவதும் பச்சை ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டினேன்.

விமர்சனமும் உடனுக்குடன் கிடைத்தது.

"காட்டேரி எங்க ஊட்லயும்தான் கும்புடுறோம். கருவாட்டுக் கொழம்பு வச்சி படையல் போட்டா அதும்பாட்டுக்குப் பூடும். இது இன்னா, கோட்டு போட்டுக்கினு கம்பெனி நடத்துது" என்றார் அக்கா.

பின்சீட்டிலிருந்த பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கொடை... பூண்டு... நம்ம மாதவன் சார் மாரியே கீது இல்ல?"

பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏன் புவனா, நீதான் எப்பப் பாரு படிச்சிக்கினே கீறியே. இத யாரு எழுதுறாங்கன்னு தெரியுமா?"

சொல்லியிருக்கலாம். 'நான்தான் அக்கா, சும்மா விளையாட்டுக்கு, சார் பாவம்' என்று சொல்லியிருந்தால் அங்கேயே சிரிப்போடு முடிந்திருக்கும். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று உங்களிடம் சொல்லப் பார்த்தேன்... அது பாதிதான் உண்மை. ஆளைத் தெரிந்துவிட்டால் மறுநாள் முதல் யாரும் மனம் விட்டு விமர்சனம் செய்ய மாட்டார்களே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன், அதுதான் வேதனை. பெண்கள் கைப்பையில் பூண்டுப் பல் வைத்துக்கொண்டார்கள். வயர் முனைகளை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் மெஷினில் தொங்கிய எலுமிச்சை, மிளகாயோடு ஒரு பூண்டும் சேர்ந்தது. யாரோ ஒரு பை நிறையப் பூண்டை மாதவன் சார் மேசையிலேயே வைத்துவிட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அறிவிப்புப் பலகையில் கைப்பட எழுதி ஒட்டினார்: 'பூண்டுப் பை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்.' பூண்டுக்கு என்ன அடையாளம் சொல்வது!

அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் ஒட்டியிருந்தது. கம்பெனியில் ஆண்டுதோறும் நடக்கும் ரத்ததான முகாம். மாதவன் சார் தாமாக முன்னின்று நடத்துவது. எனக்கோ அந்த வாரம் எழுத எதுவும் தோன்றாமல் திண்டாட்டமாக இருந்தது. பலகையைப் பார்த்தேன்... அத்தியாயம் கிடைத்துவிட்டது.

காட்டேரி முதலாளி முகாம் நடத்துகிறான். பிஸ்கட்டும் பழச்சாறும் கொடுத்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிறான். படுத்தவர்கள் எழுந்திருப்பதில்லை. எழுதி முடித்ததும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. முகாமுக்கு முந்தைய நாள் அதை வெளியிட்டேன். முகாம் முடிந்த பிறகு வெளியிட்டிருக்கக் கூடாதா? கூடாதென்று யார் சொன்னது? ஆனால் சூடாக இருக்கும்போதே பரிமாற வேண்டுமே!

மறுநாள் அரசு மருத்துவமனை வண்டி வந்து நின்றது. கட்டில்கள் விரித்தார்கள். மாதவன் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். யாரும் வரவில்லை. ஒலிபெருக்கியில் அழைத்தார். வரவில்லை. பச்சையம்மா அக்காவுக்கு அன்று தலைசுற்றல். இளைஞர்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று உற்பத்தியில் அக்கறை. சென்ற ஆண்டு இடம் போதாமல் கேன்டீனிலும் கட்டில் போட்ட முகாம் அது. நர்சுகள் தாங்கள் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தாங்களே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னால் பார்க்க முடியவில்லை. போய்ப் படுத்தேன். பரிகாரம் தேடியதாக வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்தமே இல்லியேம்மா உங்க கிட்ட. முருங்கக்கீரை சாப்பிடுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஊர் ரத்தத்தையெல்லாம் பக்கம் பக்கமாகக் குடித்துத் தீர்த்தவளுக்கு, ஆபத்துக்குக் கொடுக்க ஒரு பாட்டில் இல்லை!

மாதவன் சார் என்னை மேசைக்கு அழைத்து, பழச்சாறு டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். ரத்தம் கொடுக்காதவளுக்கும் பழச்சாறு. "நீங்க ஒருத்தராவது வந்தீங்களே" என்றார். சற்றுப் பொறுத்து, "என் மனைவிக்குப் பிரசவத்துல ரத்தம் தேவைப்பட்டப்ப, பேர்கூடத் தெரியாத ஒருத்தர் வந்து கொடுத்துட்டுப் போனார்மா. தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. அவருக்கு நன்றி சொல்ல வழி தெரியல. அதான் வருஷா வருஷம் இந்த முகாம்" என்றார்.

நான் டப்பாவில் அச்சடித்திருந்ததை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

"பஸ்ல ஒரு கதை வாசிக்கிறாங்களாமே... நானும் படிச்சேன்" என்றார் திடீரென்று.

என் கையிலிருந்த டப்பா நசுங்கியது.

"நல்லாத்தான் எழுதறாங்க. விறுவிறுப்பா இருக்கு. ஆனா அந்த ஆள் ஏன் எப்பவும் தனியாவே சாப்பிடறான்னு, எழுதினவங்க ஒரு இடத்துலயாவது யோசிச்சிருக்கலாம்." கொஞ்சம் சிரித்தார். "யார்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

இரண்டாவது முறையும் வாய்ப்பு வந்தது பாருங்கள். அவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. 'நல்லாத்தான் எழுதறாங்க' என்றாரே... என் எழுத்தைப் பற்றி முதன்முதலாக ஒருவர் முகத்துக்கு நேரே சொன்ன பாராட்டு. வெட்கமில்லாமல் அதை உள்ளுக்குள் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"தெரியாது சார்" என்றேன்.

அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் கேட்டாரோ? இன்றும் எனக்கு விளங்கவில்லை. மறு ஆண்டு அவர் முகாம் நடத்தவில்லை. பிறகு, தாமே கேட்டு ஒரகடம் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிரிவு உபசாரத்துக்கு வந்தவர்களும் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மா அக்கா அன்று மாலை பஸ்ஸில், "பாவம்பா அந்த மனுசன். நாமதான் பேஜாரு பண்ணிட்டோம்" என்றார். 'நாம' என்றார்! நான் அந்த 'நாம'வுக்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொண்டேன்.

நான் என்ன செய்தேன்? கதையை நிறுத்தினேனா? நிறுத்தினேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது... இல்லை. முடித்தேன். காட்டேரியை வெயிலில் இழுத்துப் போட்டுக் கொன்றேன். வாசகர்கள் கைதட்டினார்கள். காட்டேரி நாவல்களை இப்போதும் படிக்கிறேன். ஆனால் மக்கள் தீப்பந்தத்தோடு மாளிகைக்குப் போகும் கட்டம் வந்தால், அந்தக் கூட்டத்தில் என் முகம்தான் முதலில் தெரிகிறது.

சென்ற மாதம் ஒரு சிறு பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். என் கதையைப் புத்தகமாகப் போடுகிறார்கள். ஆகப்போகிறவளாகவே இருந்தவள் ஒருவழியாக ஆகிவிட்டேன்! எல்லாம் தயார், முதல் பக்கத்தில் போடும் வழக்கமான அறிவிப்பை மட்டும் அனுப்புங்கள் என்றார்கள். என்னவென்று உங்களுக்கும் தெரியும்: 'இக்கதையில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே. யாரையும் குறிப்பிடுவன அல்ல.'

தட்டச்சு செய்தேன். அழித்தேன். அதற்குப் பதிலாக, 'மாதவன் சார், மன்னித்துவிடுங்கள்' என்று அடித்துப் பார்த்தேன். அதையும் அழித்தேன்.

கடைசியில் பழைய வரியையே அனுப்பிவிட்டேன். புத்தகம் முழுக்கக் காட்டேரி உலாவுகிறான், எந்திரங்கள் ரத்தம் குடிக்கின்றன. ஆனால் அதில் நான் சொன்ன பொய் அந்த ஒரு வரிதான்.